பதின்வயதுப் பிள்ளையின் கையில் ஃப்ரீஸ்டைல் லிப்ரே 2

டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பதின்வயதுப் பிள்ளை ஒரு நாளைக்கு ஆறு முதல் பத்து முறை விரலைக் குத்திப் பார்க்க வேண்டும். எழுந்ததும் ஒன்று, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால் ஒன்று, விளையாடப் போகும்முன், வந்தபின், படுக்கும்முன், நடுவில் கை நடுங்கினால் இன்னொன்று. இந்த வேலையைக் குறைக்க வந்ததுதான் அபாட் நிறுவனத்தின் ஃப்ரீஸ்டைல் லிப்ரே, கையில் ஒட்டி வைத்தால் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் கருவி. 2014இல் ஐரோப்பாவில் முதலில் வந்தது. அலாரம் சேர்த்து வந்த அதன் அடுத்த தலைமுறைதான் லிப்ரே 2. 13 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளின் அன்றாடத்தை அது எவ்வளவு தூரம் லேசாக்குகிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விரல் குத்துவது வெகுவாகக் குறையும். ராத்திரி பயமும் குறையும். வீட்டில் சண்டை குறையுமா கூடுமா என்பது மட்டும் வேறு இரண்டு விஷயங்களில் இருக்கிறது: அலாரம் எந்த எண்ணில் அடிக்கிறது, அந்த எண் யார் யார் போனுக்குப் போகிறது. ஆகவே சாதனத்துக்குக் கொடுக்கும் இடத்தை இந்த இரண்டுக்கும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கையில் ஒட்டுவது என்ன?

35 மி.மீ. அகலம், 5 மி.மீ. உயரமுள்ள வெள்ளை வட்டு, இதுதான் சென்சார். மேல்கையின் பின்புறத்தில் ஒட்டுகிறோம். அதன் நடுவிலிருந்து தலைமுடி போன்ற மெல்லிய இழை தோலுக்கு அடியில் சுமார் 5 மி.மீ. போகிறது. இழையை உள்ளே கொண்டுபோகும் ஊசி உடனே வெளியே வந்துவிடும். ‘ஊசி 14 நாளும் உள்ளேயே இருக்குமா?’ என்ற பயம் பல பிள்ளைகளுக்கு உண்டு. கழற்றிய பழைய சென்சாரைக் கையில் கொடுத்து அந்த இழையைத் தொட்டு வளைத்துப் பார்க்கச் சொன்னால் பாதி பயம் அங்கேயே போய்விடும்.

இழை தோலடித் திசுக்களுக்கு இடையே இருக்கும் நீரில் உள்ள குளுக்கோஸை நிமிடத்துக்கு ஒரு முறை அளக்கிறது. வரைபடத்துக்காக 15 நிமிடத்துக்கு ஒரு புள்ளியைச் சேமிக்கிறது. ஆயுள் 14 நாள், அதாவது ஆண்டுக்கு 26 சென்சார். ஒட்டித் தொடங்கியபின் 60 நிமிடம் எண் வராது. விரல் குத்தி அளவைத் திருத்திக் கொடுக்கும் வேலை கிடையாது.

ஸ்கேன் செய்து (போனையோ தனி ரீடர் கருவியையோ சென்சார் அருகே காட்டி) பார்க்கும் பதிப்பில் சென்சாருக்குள் எட்டு மணி நேர நினைவு மட்டுமே இருக்கும். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஸ்கேன் செய்யாவிட்டால் பழைய புள்ளிகள் அழிந்துவிடும். விடுமுறை நாளில் பத்து மணி நேரம் தூங்கும் வயது இது. ராத்திரி 11க்கு ஸ்கேன் செய்துவிட்டு 9க்கு எழுந்தால் 11 முதல் 1 வரை வரைபடத்தில் ஓட்டை விழும். சாப்பாட்டு இன்சுலின் சரியாக இருந்ததா என்று மருத்துவர் பார்க்க நினைப்பதும் பெரும்பாலும் அந்த நேரத்தைத்தான். நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழும்போது ஒரு ஸ்கேன் செய்தால் போதும். புதிய மென்பொருள் வந்துள்ள இடங்களில் ஸ்கேன் இல்லாமலே போனில் நிமிடத்துக்கு ஒரு முறை எண் வருகிறது. பழைய பதிப்பில் அலாரம் மட்டும் தானாக அடிக்கும், எண்ணைப் பார்க்க ஸ்கேன் செய்தே ஆகவேண்டும். பெட்டியைத் திறக்கும்முன் எந்தப் பதிப்பு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒட்டும்போது கெடுவது

சென்சார் பத்தாம் நாளே உரிந்து விழுந்தால் பசையைக் குறை சொல்வதற்கு முன் ஒட்டிய விதத்தைப் பாருங்கள். இடத்தைச் சாதாரண சோப்பால் கழுவ வேண்டும். ஈரப்பதம் தரும் சோப்பு, லோஷன், எண்ணெய் எதுவும் அங்கே பட்டிருக்கக் கூடாது. பிறகு ஆல்கஹால் துடைப்பான். அதன்பின் முழுதாகக் காய விட வேண்டும். அவசரத்தில் விட்டுப்போவது இந்தக் கடைசிப் படிதான். ஈரத்தோடு ஒட்டினால் விளிம்பு மூன்றாம் நாளே தூக்கிக்கொள்ளும். முடி அடர்த்தியாக இருந்தால் கத்தரித்துக்கொள்ளலாம்.

பெட்டியில் இரண்டு பொருள் இருக்கும்: சென்சார் இருக்கும் பொதி, அதைத் தோலில் செலுத்தும் ஒட்டுக்கருவி. இரண்டிலும் அச்சிட்ட குறியெண் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு வேறு பெட்டியிலிருந்து எடுத்துக் கலந்துவிட்டால் எண் தவறாக வரும். பொதியின் மூடியை உரித்து, கருவியின் தொப்பியைத் திருகிக் கழற்றி, இரண்டிலும் உள்ள கறுப்புக் கோடுகளை நேராக வைத்து, கெட்டியான மேசைமேல் வைத்து, கருவி மேற்கொண்டு இறங்காமல் நிற்கும்வரை அழுத்த வேண்டும். மெத்தைமேல் வைத்து அழுத்தினால் பாதியில் நின்றுவிடும். அதன்பின் கருவியின் வாய்க்குள் ஊசி தயாராக இருக்கும். திரும்பக் கீழே அழுத்தவோ உள்ளே விரல் விடவோ கூடாது. கையைத் தளர்வாக வைத்து, ஒரே அழுத்து. சத்தம் கேட்டபின் ஓரிரு நொடி பிடித்திருந்து நேராக வெளியே இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் சென்சாரும் கூடவே வந்துவிடும்.

இடம்: தழும்பு, மச்சம், கட்டி, தோல் விரிந்த கோடுகள் இல்லாத இடம். கையிலேயே இன்சுலின் போடுபவர் ஊசி போடும் இடத்திலிருந்து குறைந்தது 2.5 செ.மீ. தள்ளி ஒட்ட வேண்டும். கையின் நேர் வெளிப்பக்கத்தில் ஒட்டினால் கதவு நிலையில் இடித்தே பிய்யும். புத்தகப் பையின் பட்டையும் உள்ளாடையின் பட்டையும் அங்கேதான் உரசும். கண்ணாடியில் நேராக நின்று பார்க்கும்போது சென்சார் கண்ணில் படாத அளவு பின்னால் இருந்தால் சரியான இடம். ஒருமுறை இடது கை, அடுத்த முறை வலது கை. லேசாக ரத்தம் கசிந்தால் பரவாயில்லை. நிற்காமல் வந்தால் கழற்றிவிட்டு வேறு இடத்தில் புதிதாக ஒட்ட வேண்டும்.

வியர்வையில் கழன்றால் மேலே ஒட்டும் பட்டை போடலாம். வட்டின் நடுவில் உள்ள சின்னத் துளையை மட்டும் மூடக் கூடாது. தோல் சிவந்து அரித்தால் ஒட்டும்முன் பூசும் தடுப்புத் திரவம் சிலருக்கு உதவும். லிப்ரேயின் முதல் தலைமுறையில் ஐசோபோர்னைல் அக்ரிலேட் என்ற பொருளால் தோல் ஒவ்வாமை வந்தது 2017இல் கண்டறியப்பட்டது. சென்சாரின் வடிவத்திலேயே வட்டமாகக் கொப்புளம் வந்தால் அது வியர்வைக்குரு ஆகாது. படம் எடுத்து வைத்துக்கொண்டு தோல் மருத்துவரைப் பாருங்கள். கழற்றும்போது இளஞ்சூட்டு நீரோ கொஞ்சம் எண்ணெயோ தடவி விளிம்பிலிருந்து மெதுவாக உரித்தால் தோல் வராது.

எண்ணை எவ்வளவு நம்பலாம்?

2020இல் வெளியான ஆய்வில், ரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டபோது லிப்ரே 2இன் சராசரி விலகல் பெரியவர்களிடம் 9.2 சதவீதம், சிறார்களிடம் 9.7 சதவீதம். அன்றாட இன்சுலின் கணக்குக்கு இது போதும். ஆனால் சராசரி நன்றாக இருப்பதால் ஒவ்வொரு எண்ணும் சரி என்று ஆகிவிடாது. முதல் நாளில் விலகல் அதிகம். அதனால் புது சென்சாரின் முதல் ராத்திரி விரல் குத்தும் கருவியைத் தலையணைப் பக்கத்திலேயே வையுங்கள்.

பெரிய சிக்கல் காலதாமதம். திசுநீரில் உள்ள குளுக்கோஸ் ரத்தத்தைவிட 5 முதல் 10 நிமிடம் பின்தங்கியே ஓடும். அளவு நிதானமாக இருக்கும்போது இது தெரியாது. சர்க்கரை வேகமாக இறங்கும்போதும், லோ ஆகி (அளவு மிகவும் குறைந்து) மீளும்போதும் பளிச்சென்று தெரியும். ஒரு காட்சியைப் பாருங்கள். 50 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு சென்சார் 62 மி.கி./டெ.லி. காட்டுகிறது. (மில்லிமோலில் பார்ப்பவர்கள் 18ஆல் வகுத்துக்கொள்ளலாம்.) எடைக்குக் கிலோவுக்கு 0.3 கிராம் வீதம் 15 கிராம் குளுக்கோஸ் போதும். 4 கிராம் மாத்திரை என்றால் நான்கு. சாப்பிட்டு பத்து நிமிடம் ஆகிறது. ரத்தத்தில் அளவு 80ஐத் தாண்டிவிட்டது. சென்சாரோ இன்னும் 58 என்கிறது, அளவு போகும் திசையைக் காட்டும் அம்பும் கீழே பார்க்கிறது. பயத்தில் இன்னொரு 15 கிராம், அதற்குமேல் கையில் கிடைத்த இனிப்பு. இரண்டு மணி நேரத்தில் 280. ‘எதையாவது தின்றாயா?’ என்ற கேள்வி வருகிறது. பிள்ளை செய்த தப்பு ஒன்றுமில்லை. லோவுக்குச் சாப்பிட்டபின் 15 நிமிடம் கழித்து விரலில் பார்த்துவிட்டு முடிவு செய்தால் இது நடக்காது.

எண்ணைவிட அம்பு முக்கியம் என்பதைப் பிள்ளைக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுங்கள். கிடைமட்ட அம்பு என்றால் நிமிடத்துக்கு 1க்குக் குறைவான மாற்றம். சாய்ந்த அம்பு 1 முதல் 2. நேராகக் கீழே பார்க்கும் அம்பு நிமிடத்துக்கு 2க்கு மேல். 110 என்ற எண் கிடை அம்போடு வந்தால் விளையாடப் போகலாம். அதே 110 நேர்க்கீழ் அம்போடு வந்தால் இருபது நிமிடத்தில் 70க்குக் கீழே போகும் கணக்கு.

இன்னொன்று, அழுத்தத்தால் வரும் பொய் லோ. சென்சார் உள்ள கையின்மேல் படுத்துத் தூங்கினால் அந்த இடத்தில் திசுநீர் ஓட்டம் குறைந்து எண் இறங்கிவிடும். வரைபடத்தில் கிணறு வெட்டியதுபோல் செங்குத்தாக இறங்கி, தட்டையாகக் கிடந்து, புரண்டு படுத்ததும் செங்குத்தாக ஏறியிருந்தால் அதுதான். உண்மையான லோ இப்படி ஒரே தாவலில் ஏறாது. இரவு அலாரம் அடித்ததும் முதலில் பிள்ளையைப் புரட்டிப் படுக்க வையுங்கள், பிறகு விரலில் பாருங்கள், உண்மையாகவே குறைவாக இருந்தால் குளுக்கோஸ் கொடுங்கள். பிள்ளையிடம் நடுக்கமோ வியர்வையோ குழப்பமோ தெரிந்தால் இந்த வரிசை வேண்டாம், உடனே குளுக்கோஸ்தான். வாரத்துக்கு மூன்று முறை பொய் லோ வந்தால் கையை மாற்றி ஒட்டுங்கள்.

வைட்டமின் சி மாத்திரை நாளுக்கு 500 மி.கி.க்கு மேல் எடுத்தால் சென்சார் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். சளிக்காகச் சொந்தமாக வாங்கிப் போடும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். கூடுதலாகக் காட்டினால் லோ மறைந்துபோகும். எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ எடுக்கும்முன் சென்சாரைக் கழற்றச் சொல்லிவந்தது நிறுவனம், உங்கள் சென்சாருக்கு இப்போது என்ன விதி என்று கேட்டுக்கொள்ளுங்கள். கழற்றத்தான் வேண்டும் என்றால், முன்பதிவு செய்யும் பரிசோதனைக்குச் சென்சார் முடியும் நாளுக்கு அருகே தேதி வாங்கினால் ஒன்று வீணாகாது.

அலாரத்தை எந்த எண்ணில் வைப்பது?

லோ அலாரத்தை 60 முதல் 100 வரையிலும், ஹை அலாரத்தை 120 முதல் 400 வரையிலும் எந்த எண்ணிலும் வைக்கலாம். இணைப்பு அறுந்து 20 நிமிடம் ஆனால் தனி அலாரம் அடிக்கும். பெரும்பாலான வீடுகளில் ஆர்வக் கோளாறில் ஹை அலாரத்தை 180இல் வைத்துவிடுகிறார்கள். பருவ வயதில் இது நடக்காத காரியம். வளர்ச்சி ஹார்மோனும் பாலின ஹார்மோன்களும் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்யும் காலம் இது. பருவத்துக்கு முன் கிலோவுக்கு 0.7 முதல் 1 யூனிட் போதுமாக இருந்த பிள்ளைக்கு இப்போது 1.2ஐத் தாண்டும், சிலருக்கு 2 வரைகூடப் போகும். விடியற்காலை ஏற்றம், மாதவிடாய்க்கு முந்தைய நாட்களின் ஏற்றம், பரீட்சைப் பதற்றத்தின் ஏற்றம் எல்லாம் சேர்ந்து 180 அலாரம் வகுப்பில் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை அடிக்கும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளை அலாரத்தையே அணைத்துவிடும். அதோடு லோ அலாரமும் போகும். இழப்பு அங்கேதான்.

முதல் மாதம் ஹை 250இல் இருக்கட்டும். மருத்துவர் இன்சுலின் அளவைச் சரிசெய்து வரைபடம் அடங்கிய பிறகு 220க்கு இறக்கலாம். லோ அலாரம் பகலில் 70. ஓட்டம், நீச்சல் போன்ற பயிற்சி உள்ள நாள் ராத்திரி 80. கடும் பயிற்சிக்குப் பின் 7 முதல் 11 மணி நேரம் கழித்தும் லோ வரும். மாலை 5 மணிக்கு விளையாட்டு முடிந்தால் நள்ளிரவு முதல் 4 மணி வரை கவனம் தேவைப்படும் நேரம். இந்த எண்களைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ளுங்கள். லோ வந்தாலும் உடம்பில் அறிகுறியே தெரியாத பிள்ளைக்குக் கணக்கு வேறு.

‘அலாரம் அடிக்கவே இல்லை’ என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது போன். ப்ளூடூத் அணைந்திருக்கும், பேட்டரி சேமிப்பு முறை செயலியை மூடியிருக்கும், பிள்ளையே செயலியை மேலே தள்ளி மூடியிருக்கும், ‘தொந்தரவு செய்யாதே’ நிலையைத் தாண்ட அனுமதி கொடுக்காமல் இருக்கும். போனின் இயங்குதளம் புதுப்பித்த ஒவ்வொரு முறையும் இந்த நான்கையும் மறுபடி பாருங்கள். தூரம் சுமார் 6 மீட்டர். போன் வகுப்பறைப் பையில், பிள்ளை மைதானத்தில் என்றால் அலாரம் இல்லை. தண்ணீரைத் தாண்டியும் ப்ளூடூத் போகாது. சென்சார் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும், ஆனால் நீந்தும் நேரத்தில் அது ஊமை. நீந்தும்முன் ஒரு பார்வை, அரை மணிக்கு ஒருமுறை கரையேறி ஒரு பார்வை.

அந்த எண் யார் யாருக்குப் போகிறது?

லிப்ரேலிங்க்அப் என்ற துணைச் செயலி வழியாக 20 பேர் வரை பிள்ளையின் எண்ணைப் பார்க்கலாம். இந்த வசதியால் ராத்திரி நிம்மதியாகத் தூங்கும் பெற்றோர் உண்டு. இதே வசதியால் சென்சாரையே கழற்றி வைத்துவிடும் பிள்ளையும் உண்டு.

இடைவேளையில் நண்பர்களோடு நிற்கும் பிள்ளைக்கு அம்மாவிடமிருந்து ‘என்ன சாப்பிட்டே? 210 காட்டுது’ என்று ஒரு செய்தி வருகிறது. அஞ்சு நிமிடத்தில் அப்பாவிடமிருந்து ‘இன்சுலின் போட்டியா?’ வீட்டுக்குள் நுழைந்ததும் பாட்டி, ‘இன்னைக்கு சுகர் ஏன்டா ஏறிச்சு?’ மூவருமே அன்பினால்தான் கேட்கிறார்கள். ஆனால் பிள்ளையின் கணக்கில் அந்த வட்டு ஒரு காவலாளி. முன்பு ஒரு நாளைக்கு ஆறு எண் இருந்தது. இப்போது ஓயாமல் எண் வந்துகொண்டே இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி வரலாம்.

2008இல் வெளியான ஜேடிஆர்எஃப் (டைப் 1 சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்கு நிதி தரும் அமைப்பு) ஆய்வில் வாரத்துக்கு ஆறு நாளாவது சென்சார் அணிந்தவர்கள் 25 வயதுக்கு மேற்பட்டவர்களில் 83 சதவீதம். 8 முதல் 14 வயதில் 50 சதவீதம். 15 முதல் 24 வயதில் 30 சதவீதம்தான். அந்த 15 முதல் 24 வயதுப் பிரிவில் எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) குறையவும் இல்லை. அப்போதைய கருவிகள் பெரியவை, தொல்லையும் அதிகம் என்பது உண்மை. பின்னர் 2020இல் 14 முதல் 24 வயதுள்ள 153 பேரிடம் 26 வாரம் நடந்த சிட்டி ஆய்வில் புதிய வகைச் சென்சார் அணிந்த குழுவின் எச்பிஏ1சி, விரல் குத்திப் பார்த்தவர்களைவிட 0.37 புள்ளி குறைந்தது. கருவி முன்னேறியிருக்கிறது. ஆனாலும் கையில் இல்லாத கருவி எதையும் செய்யாது, அதைக் கையில் வைத்திருப்பதும் கழற்றுவதும் பிள்ளையின் விருப்பம்.

ஆகவே ஒட்டும் நாளிலேயே, கோபம் இல்லாத நேரத்தில், எழுத்தில் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். பின்தொடர்பவர் ஒருவரோ இருவரோ போதும், அவர்களைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். பெற்றோர் போனில் லோ எல்லையைப் பிள்ளையின் எல்லையைவிடக் கீழே வையுங்கள். பிள்ளைக்கு 70 என்றால் பெற்றோருக்கு 65. அந்த இடைவெளி பிள்ளை தானே கவனித்துச் சரிசெய்துகொள்ளக் கிடைக்கும் அவகாசம். லோ அலாரம் வந்து பத்து நிமிடத்தில் பிள்ளையிடமிருந்து ‘சாப்பிட்டேன்’ என்று ஒரு சொல் வராவிட்டால் அழைக்கலாம். 250க்கு மேல் இரண்டு மணி நேரம் நின்றால் ஒரே ஒரு செய்தி அனுப்பலாம். மற்ற நேரம் பள்ளியில் இருக்கும்போது எண்ணைப் பற்றிப் பேச்சே இல்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வி சர்க்கரையாக இருக்கக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் இருபது நிமிடம் இருவரும் உட்கார்ந்து 14 நாள் அறிக்கையைப் பாருங்கள், செயலியைப் பிள்ளையே கையில் வைத்திருக்கட்டும். ‘நல்ல சுகர்’, ‘கெட்ட சுகர்’ என்ற சொற்களை வீட்டில் நிறுத்திவிடுங்கள். ‘வரம்புக்குள்’, ‘வரம்புக்கு மேல்’ போதும்.

அந்த அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது 70 முதல் 180 வரையிலான வரம்புக்குள் இருந்த நேரம். இலக்கு 70 சதவீதத்துக்கு மேல். 70க்குக் கீழே 4 சதவீதத்துக்குள், அதிலும் 54க்குக் கீழே 1 சதவீதத்துக்குள். இதை மணிக்கணக்காகச் சொன்னால் பிள்ளையின் முகமே மாறும்: தினமும் ஏழு மணி நேரம் வரம்புக்கு வெளியே இருந்தாலும் இலக்கை எட்டியதுதான். இப்போது 45 சதவீதத்தில் இருப்பவர் 50க்கு வந்தால் நாளுக்கு ஒரு மணி பன்னிரண்டு நிமிடம் கூடுதலாகக் கிடைக்கிறது. அந்த ஐந்து சதவீதம் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து வரும். விட்டுப்போன சாப்பாட்டு இன்சுலினோ, சாப்பிட்டபின் நினைவு வந்து போட்ட இன்சுலினோ அது. சாப்பாட்டுக்கு 15 நிமிடம் முன்னால் போட்டால் அதே அளவு இன்சுலினில் மேடு எவ்வளவு தணிகிறது என்பதை மூன்று நாள் வரைபடத்தில் பிள்ளையே பார்த்துக்கொள்ளும். சென்சாரின் பெரிய நன்மை என்று நான் நினைப்பது இதைத்தான். நூறு தடவை சொல்லிக் கேட்காததை அந்தக் கோடு ஒரு வாரத்தில் காட்டிவிடுகிறது.

அடிக்கடி எண் தெரிவதால் வரும் ஆபத்தும் உண்டு. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 260 என்று பார்த்ததும் எரிச்சலில் திருத்த இன்சுலின், அரை மணி கழித்து இன்னும் 255 என்றதும் மறுபடி ஒன்று. வேக இன்சுலின் உடம்பில் மூன்று முதல் ஐந்து மணி நேரம் வேலை செய்யும். சாப்பாட்டு இன்சுலினோடு சேர்த்து மூன்று ஊசியும் ஒன்றாக இறக்கும்போது தாங்காது. திருத்த இன்சுலினுக்கு நடுவே எத்தனை மணி நேரம் விட வேண்டும் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி, பரீட்சை

பரீட்சைக் கூடத்தில் போனை விட மாட்டார்கள். இணையமும் அழைப்பும் இல்லாத தனி ரீடர் கருவிக்கு அனுமதி வாங்குவது எளிது. ஆனால் ஸ்கேன் பதிப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது: சென்சாரை எந்தக் கருவியில் தொடங்கினோமோ அதில்தான் அலாரம் அடிக்கும். ரீடர், போன் இரண்டிலும் பார்க்க வேண்டுமென்றால் முதலில் ரீடரில் தொடங்கி, அந்த 60 நிமிடத்துக்குள் போனிலும் ஸ்கேன் செய்ய வேண்டும். போனில் மட்டும் தொடங்கிவிட்டால் அந்த 14 நாளும் ரீடருக்கு வேலை இல்லை. எனவே பரீட்சைக்கு இரண்டு வாரம் முன்பே திட்டமிடுங்கள். அனுமதிக் கடிதத்தில் கருவியின் படத்தையும், அலாரம் அடித்தால் பிள்ளை என்ன செய்யும் என்பதையும், குளுக்கோஸ் மேசைமேல் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சென்சார் தொடங்கிய அதே மணியில்தான் முடியும். திங்கள் காலை 8 மணிக்குத் தொடங்கினால் முடிவதும் திங்கள் காலை 8 மணி, அடுத்த ஒரு மணி நேரம் எண் இல்லாமல் முதல் பாடவேளை. வெள்ளி மாலை அல்லது சனி காலைக்கு மாற்றிவிட்டால் பிறகு எல்லாச் சென்சாரும் அந்தக் கிழமையிலேயே முடியும்.

மற்றவை, பொருந்தாதவர்கள்

லிப்ரே 3 அளவில் இன்னும் சின்னது, ஸ்கேனே தேவையில்லை, ஆயுள் அதே 14 நாள். கிடைத்தால் பதின்வயதுக்கு அதுவே மேல். டெக்ஸ்காம் ஜி7 அரை மணியில் தயாராகும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு எண் தரும், 10 நாளோடு மாற்றிக்கொள்ள 12 மணி நேர அவகாசமும் உண்டு. மாற்றும் நாளில் பதறும் பிள்ளைக்கு அந்த 12 மணி நேரம் பெரிய உதவி.

லிப்ரே 2 சென்சார் கீட்டோனை (இன்சுலின் போதாதபோது உடம்பில் சேரும் ஆபத்தான அமிலத்தை) காட்டாது. 250க்கு மேல் நின்று, வாந்தியோ வயிற்றுவலியோ இருந்தால் சென்சாரைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் கீட்டோன் பட்டையில் பார்க்க வேண்டும். ரத்தக் கீட்டோன் 1.5 மில்லிமோலைத் தொட்டால் மருத்துவரை அழைக்கும் நேரம். 3ஐத் தொட்டால் மருத்துவமனை. வாந்தி நிற்காவிட்டால் எண் எதுவாக இருந்தாலும் மருத்துவமனைதான்.

வரைபடம் வாரக்கணக்கில் 300க்கு மேலேயே படுத்திருந்து எடையும் குறைந்துகொண்டே போனால், பிள்ளை இன்சுலினை வேண்டுமென்றே விடுகிறதோ என்று யோசிக்க வேண்டும். எடையைப் பற்றிய பயம் இந்த வயதில் இப்படியும் வெளிப்படும். அந்த நிலையில் வரைபடத்தை நீட்டிக் கேள்வி கேட்பது கதவை மூடிவிடும். சர்க்கரை நோய் மருத்துவரும் மனநல ஆலோசகரும் சேர்ந்து பார்க்க வேண்டியது அது. அதுவரை எண்ணைக் கொஞ்சம் ஓரமாக வைத்து, தினசரி அடிப்படை இன்சுலினைப் பெரியவர் ஒருவர் கூட இருந்து போடச் செய்வது உயிரைக் காக்கும். எண் தெரியத் தெரிய மனம் துவண்டுபோகும் பிள்ளைக்குச் சென்சாரிலிருந்து இரண்டு வாரம் ஓய்வு கொடுத்து விரல் குத்தலுக்குத் திரும்புவதிலும் தவறில்லை. லோ அறிகுறி தெரியாத பிள்ளைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்காமல் அந்த ஓய்வு வேண்டாம்.

சென்சார் இருந்தாலும் பள்ளிப் பையின் முன் அறையில் எப்போதும் இருக்க வேண்டியவை: விரல் குத்தும் கருவி, பத்துப் பட்டைகள், காலாவதித் தேதி பார்த்த குளுக்கோஸ் மாத்திரை மூன்று தடவைக்கு (15 கிராம் வீதம் 45 கிராம்), மேலே ஒட்டும் பட்டை ஒன்று, ஆல்கஹால் துடைப்பான் இரண்டு. சென்சார் விளையாட்டில் பிய்ந்துபோனால் வீடு வந்து சேரும்வரை இவை போதும். பிய்ந்த சென்சாரைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வைத்திருங்கள். நிறுவனத்திடம் மாற்றுச் சென்சார் கேட்கும்போது அதன் வரிசை எண்ணையும் எந்த நாளில் எப்படிக் கழன்றது என்பதையும் கேட்பார்கள்.